வலியின் அளவைக் கைப்பேசியில் சொன்னால் போதுமா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

புற்றுநோயாளிகளுக்கான வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் (நோயின் துன்பங்களைத் தணித்து வாழ்க்கைத் தரத்தைக் காக்கும் சிகிச்சை) கைப்பேசியும் காணொளியும் கணினியும் புகுந்த பிறகு எழுந்துள்ள ஐயங்களைக் குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைக் கடிதங்களிலிருந்து நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவமனையில் ஒரு செயலியை எங்கள் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, வலி, குமட்டல், களைப்பு, தூக்கம், பசியின்மை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வாரந்தோறும் 0 முதல் 10 வரை மதிப்பெண் பதியச் சொல்லியிருக்கிறார்கள். “எண்ணைத் தட்டினால் வலி போய்விடுமா?” என்று அம்மா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: உங்கள் தாயார் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார். எண்ணைத் தட்டுவதால் மட்டும் வலி குறையாது. அந்த எண் யாருடைய பார்வைக்குப் போகிறது, பார்த்தவர் எவ்வளவு நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே செயலியின் பயன் அமைகிறது. ஆகவே அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இதையே முதலில் விசாரியுங்கள். வலி 8 என்று நாங்கள் பதிந்தால் அதைப் பார்ப்பவர் யார், இரவிலும் விடுமுறை நாளிலும் பார்க்க ஆள் உண்டா, எத்தனை மணி நேரத்துக்குள் எங்களை அழைப்பீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் நம்பிப் பதியலாம். “அடுத்த முறை வரும்போது டாக்டர் பார்ப்பார்” என்று மட்டும் சொன்னால், செயலியில் பதிவதோடு நின்றுவிடாமல் தொலைபேசியிலும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படி மதிப்பெண் போடும் முறை கைப்பேசிக்கு முந்தியது. எட்வர்டோ புரூவேராவும் அவருடன் பணியாற்றியவர்களும் கனடாவில் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட எட்மன்டன் அறிகுறி மதிப்பீட்டு முறை இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. தாளில் குறித்த மதிப்பெண் அடுத்த சந்திப்பு வரை கோப்பிலேயே கிடக்கும். கைப்பேசியில் பதிந்தது அன்றைக்கே செவிலியரின் கண்ணில் பட வாய்ப்பிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நீங்களே அனுபவத்தில் அறிந்திருப்பீர்கள். மருத்துவருக்கு எதிரே உட்காரும் சிறிது நேரம் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இரத்தப் பரிசோதனையையும் பேசுவதிலேயே கழிந்துவிட, இடையில் நாலைந்து நாள் மலம் கழியாமல் பட்ட அவதியும், படுத்தால் இடுப்பு வலிக்கிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து கழித்த இரவுகளும் சொல்லப்படாமலே போய்விடுகின்றன.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 நோயாளிகளை வைத்து ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினர் தங்களுடைய 12 அறிகுறிகளைக் கணினி வழியாகத் தெரிவித்தார்கள். கடுமையான அறிகுறியோ திடீரென மோசமான அறிகுறியோ பதிவானால் உடனே செவிலியருக்கு மின்னஞ்சல் போயிற்று. மற்றப் பிரிவினர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். தெரிவித்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதோடு, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலையும் குறைந்தது. 2017-இல் வெளியான முடிவின்படி அவர்களுடைய இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் (அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதங்கள், மற்றவர்களுக்கு 26.0 மாதங்கள். பின்னர் அமெரிக்காவின் பல சிகிச்சை மையங்களில் இன்னும் பெரிய அளவில் நடந்த ஆய்வில் ஆயுள் நீடிப்பு உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிகுறிகள் கட்டுக்குள் இருப்பதும் அவசரப் பிரிவுக்குப் போவது தள்ளிப்போவதும் அங்கேயும் தெரிந்தன. எனவே ஆயுளைக் கூட்டும் கருவி என்று இதை எண்ணாதீர்கள். துன்பத்துக்கும் அதற்கான மருந்துக்கும் இடையே கழியும் நாட்களைக் குறைக்கும் வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் அதுவே பெரிய காரியம்.

பதிவதிலும் கவனம் வேண்டும். எலும்புக்குப் பரவிய நோயில், படுத்திருக்கும்போது வலி 2 ஆகவும் எழுந்து குளியலறைக்கு நடக்கும்போது 8 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரியாக 5 என்று பதிந்தால், மருத்துவருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. செயலியில் குறிப்பு எழுத இடம் இருந்தால் “நடந்தால் மட்டும் 8” என்று எழுதிவிடுங்கள். ஓர் எண்ணை மட்டும் தனியாகப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள் கிடைக்கிறது. மார்பின் என்ற வலிமையான வலி மருந்தைத் தொடங்கிய வாரத்தில் வலி 7-லிருந்து 3-க்கு இறங்கி, அதே வாரத்தில் பசியின்மை 2-லிருந்து 7-க்கு ஏறியிருந்தால், அனுபவமுள்ள செவிலியர் உங்களைத் தொலைபேசியில் அழைத்து முதலில் கேட்பது “கடைசியாக எப்போது மலம் கழித்தார்?” என்பதாகவே இருக்கும். மார்பின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் ஏறக்குறைய தவறாமல் வரும். மலமிளக்கியைச் சேர்த்தோ அளவைக் கூட்டியோ அதைச் சரிசெய்தால் பசியும் பெரும்பாலும் திரும்பிவிடும். இந்த மாதிரி ஓர் அழைப்பு வந்துவிட்டால் உங்கள் தாயாரின் கேள்விக்கு அவருக்கே விடை கிடைத்துவிடும்.

கேள்வி: என் கணவருக்கு நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய். சிகிச்சை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை; அதற்குள் நோய்த்தணிப்புப் பிரிவு மருத்துவரைக் காணொளியில் சந்திக்கச் சொல்கிறார்கள். “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்களா? நேரில்கூடப் பார்க்க மாட்டார்களா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் இருக்கின்றன. முதலாவதற்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். உங்கள் கணவரைக் கைவிடவில்லை. புற்றுநோய்க்கான சிகிச்சையோடு சேர்த்து, தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தர வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. இதற்கு வலுச் சேர்த்தது, ஜெனிஃபர் டெமல் தலைமையில் பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு. நோய் கண்டறிந்த உடனேயே இந்தச் சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கைத் தரம் மேலாகவும் இருந்தது. இடைநிலை உயிர்வாழ்வும் 8.9 மாதங்களுக்குப் பதிலாக 11.6 மாதங்களாக இருந்தது.

இரண்டாவது வருத்தம் காணொளியைப் பற்றியது. நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகுமா என்ற ஐயம் மருத்துவர்களாகிய எங்களுக்கும் இருந்தது. உங்கள் கணவரைப் போலவே முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1250 பேரை அமெரிக்காவின் 22 மையங்களில் சேர்த்து, பாதிப் பேருக்குக் காணொளியிலும் மீதிப் பேருக்கு நேரிலும் தொடக்க நிலை நோய்த்தணிப்புச் சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். 2024-இல் வெளியான முடிவில், இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் சமமாக இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே நெடுந்தூரம் பயணம் செய்து, வரிசையில் காத்திருந்து, களைத்துப் போய் வீடு திரும்பும் ஒருவருக்கு இது நல்ல செய்தி. அந்த ஆய்வில் என் கவனத்தை ஈர்த்த இன்னொரு விவரமும் உண்டு. மருத்துவமனைக்குத் துணையாக வந்த குடும்பத்தினர் காணொளிச் சந்திப்பின்போது அதே அளவுக்கு உடன் உட்காரவில்லை. வீட்டில்தானே பேசுகிறார் என்று அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

சந்திப்புக்கு முன்பு எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மேசையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அவருடைய முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். வாயைத் திறந்து நாக்கைக் காட்டச் சொன்னால், கைப்பேசியின் விளக்கைப் போட்டுக் காட்டுங்கள்; நாக்கில் வெள்ளையாகப் படரும் பூஞ்சைத் தொற்றைக் காணொளியிலேயே கண்டுபிடித்துவிடலாம். நடந்து காட்டச் சொன்னால் நாலு அடி நடக்கட்டும். முதல் சந்திப்பு மட்டுமாவது நேரில் அமையட்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சில நிலைகளில் காணொளிக்காகக் காத்திருக்கக் கூடாது. புதிதாக முதுகுவலி வந்து கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, முதுகுத் தண்டு நசுங்குகிறது என்று பொருளாகலாம். சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடக்கூடும். கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு, திடீரெனக் கூடிய மூச்சுத்திணறல், திடீர் மனக்குழப்பம் ஆகியவற்றுக்கும் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: அப்பா இரவெல்லாம் முனகுகிறார். காலையில் டாக்டர் திரையில் வந்ததும் “நன்றாக இருக்கிறேன் ஐயா” என்று சொல்லிவிடுகிறார். நான் குறுக்கிட்டுச் சொன்னால் கோபப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: திரைக்கு முன் மட்டுமல்லாமல் மருத்துவமனையிலும் பல தந்தையர் இப்படித்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் கலங்குவார்கள் என்ற தயக்கம், வலி கூடியது என்றால் நோய் கூடியது என்று ஆகிவிடுமோ என்ற அச்சம், மருந்தைக் கூட்டினால் நினைவு மங்கிவிடுமோ என்ற கவலை என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவர் பேசும்போது மறுத்துப் பேசாதீர்கள். இரவில் எத்தனை மணிக்கு முனகினார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எப்போது மருந்து கொடுத்தீர்கள், அதன்பின் எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதைக் கைப்பேசியில் குறித்து, சந்திப்புக்கு முன்பே மருத்துவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பியதை அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்தால் அவர் இன்னும் வாய் மூடிக்கொள்வார். அவருக்குத் தெரியாமல் படம்பிடித்து அனுப்புவதும் வேண்டாம்.

அத்துடன், சந்திப்பில் சிறிது நேரம் அவர் மட்டும் தனியாகப் பேசட்டும். கைப்பேசியை அவருடைய கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிள்ளைகளின் எதிரில் சொல்லாததை அப்போது சொல்லக்கூடும். முந்தைய பதிலில் பக்கத்தில் இருங்கள் என்று அந்த வாசகியிடம் சொன்னதற்கு இது முரண் அன்று. சந்திப்பில் இரண்டுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் மனைவிக்கு 95 காட்டுகிறது. ஆனாலும் மூச்சு முட்டுகிறது என்கிறாள். கருவி பழுதா, அல்லது அவளுடைய மனப்பிரமையா?

பதில்: இரண்டும் இல்லை. மூச்சு முட்டும் உணர்வும் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவும் வேறு வேறு. புற்றுநோயில் தசைத் தளர்ச்சி, இரத்தசோகை, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், அச்சம் எனப் பல காரணங்களால் மூச்சு முட்டலாம். அவற்றில் எதையும் அந்தக் கருவி அளப்பதில்லை. ஆக்சிஜன் அளவு குறையாத நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பது சாதாரணக் காற்றைக் கொடுப்பதைவிடக் கூடுதல் நிம்மதி தரவில்லை என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிய மின்விசிறியின் காற்று முகத்தில் படும்படி வையுங்கள்; பலருக்கு இது உடனே ஆறுதல் தரும். மூச்சு முட்டலுக்கென்றே மிகச் சிறிய அளவில் மார்பின் தருவதும் உண்டு. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கருவி என்ன காட்டினாலும், மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னால் முட்டுகிறது என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்குக் கணையப் புற்றுநோய். அவனுடைய மகன் எல்லா ரிப்போர்ட்டுகளையும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றி, “அப்பா எத்தனை மாதம் இருப்பார்?” என்று கேட்டிருக்கிறான். அது சொன்ன பதிலிலிருந்து வீடே இடிந்துபோய் இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: அந்தப் பையனின் மீது யாரும் கோபப்பட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். எங்கேயும் விடை கிடைக்காதபோதுதான் பிள்ளைகள் இயந்திரத்திடம் கேட்கிறார்கள்.

செயலி சொன்ன மாதக் கணக்கு உங்கள் தம்பியைப் பற்றியது அன்று. அதே நோயும் அதே நிலையும் உள்ள பெருந்திரளான மக்களிடமிருந்து எடுத்த இடைநிலை அளவையே அது சொல்லியிருக்கும். அந்தத் திரளில் பாதிப் பேர் அந்தக் காலத்தைத் தாண்டியும் வாழ்ந்தவர்கள். உங்கள் தம்பி எவ்வளவு நேரம் எழுந்து நடமாடுகிறார், எவ்வளவு சாப்பிட முடிகிறது, கடந்த நாலு வாரத்தில் நிலைமை எந்த வேகத்தில் மாறியது என்பவையெல்லாம் அதற்குத் தெரியாது. அவரைப் பார்த்துவரும் மருத்துவருக்குத் தெரியும். அவர்கூட “வாரங்கள்”, “மாதங்கள்” என்ற அளவில்தான் பேசுவாரே தவிர எண்ணைச் சொல்ல மாட்டார்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு நல்ல பயன்பாடும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில், உயிருக்கு ஆபத்து மிகுந்த நோயாளிகள் யார் என்பதைக் கணினி முன்கூட்டிக் கணித்து, அதை நோயாளியிடம் சொல்லாமல் அவருடைய மருத்துவருக்கு மட்டும் நினைவூட்டியது. “இவருடன் அவருடைய விருப்பங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசினீர்களா?” என்பதே அந்த நினைவூட்டலின் நோக்கம். 2020-இல் வெளியான முடிவின்படி, அப்படிப்பட்ட உரையாடல்கள் 3 மடங்குக்கும் மேல் கூடின. கணிப்பு மருத்துவரைப் பேச வைத்தது, பேசியவர் மருத்துவர்தான். உங்கள் வீட்டில் நடக்க வேண்டியதும் அதுவே. அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு போய், “எங்கள் அப்பாவுக்கு அடுத்து என்ன வரக்கூடும், நாங்கள் எதற்குத் தயாராக வேண்டும்?” என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் தம்பிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை அவரிடமே கேட்ட பிறகு அவருக்குச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். மார்பின், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளின் அளவை எந்தச் செயலியின் பேச்சைக் கேட்டும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரகம் தளர்ந்தால் அதே அளவு மார்பினே உடலில் தேங்கி நஞ்சாகலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையை நொறுக்கிக் கொடுத்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

கேள்வி: நான் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். எங்கள் அமைப்பில் வீட்டு வருகைகளைக் குறைத்துவிட்டு வாராந்திரக் காணொளியாக மாற்றலாம் என்று பேச்சு நடக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

பதில்: முழுவதுமாக மாற்றுவதை நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தில் வீட்டிலிருந்த முற்றிய நிலைப் புற்றுநோயாளிகள் 74 பேரை வைத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2017-இல் வெளிவந்தது. வாரந்தோறும் நிபுணர் குழுவோடு காணொளியில் பேசியவர்களின் அறிகுறித் துன்பம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுடையதைவிட அதிகமாகப் பதிவாகியிருந்தது. தேவை இருக்கிறதா இல்லையா என்று பாராமல், நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக வலியையும் குமட்டலையும் திரும்பத் திரும்ப விசாரித்ததே நோயின் மீது கவனத்தைக் கூட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவதைத் திரை அறிவிக்காது. புண்ணிலிருந்து வரும் வாடை, இடுப்புக்குக் கீழே தொடங்கும் படுக்கைப் புண்ணின் சிவப்பு, கல்லாக இறுகிய வயிறு, மூன்று இரவு தூங்காத மகளின் கண்கள் ஆகியவற்றை நேரில் போகிறவர்தான் பார்க்க முடியும். அதே சமயம், நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோர் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்த இடைவெளியை வீட்டு வருகைகளால் மட்டும் நிரப்ப முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் யோசனை இது. வருகைகளின் இடைவெளியைக் காணொளி நிரப்பட்டும். நோயாளியோ குடும்பமோ கேட்கும்போது நடக்கட்டும். நீங்கள் நோயாளியின் படுக்கையருகே இருந்தபடியே தொலைவில் உள்ள நிபுணரைத் திரையில் அழைத்து, பம்பில் செலுத்தும் மருந்தின் அளவை அவருடன் பேசி மாற்றலாம். காணொளியின் மிகச் சிறந்த பயன் இதுதான் என்று நினைக்கிறேன். செவிலியர்களுக்கான பயிற்சிக்கும் இது உதவும். நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் கல்லீரல் நோய்க்காக 2003-இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டத்தில், தொலைவில் பணிபுரிபவர்கள் தங்களிடம் உள்ள நோயாளியின் நிலையைக் காணொளியில் விவரித்து நிபுணர்களோடு சேர்ந்து விவாதிப்பார்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கும் இன்று அதே முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. வருகைகளைக் குறைக்கும் பேச்சு மறுபடி எழுந்தால், இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் போவது யார் என்ற கேள்வியைக் கூட்டத்தில் எழுப்பி, அதற்குரிய பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் தொண்டைப் புற்றுநோய். குரல்வளையை அகற்றும் அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். என் பெண்ணுக்கு வயது நான்கு. அவளுக்காக என் குரலைப் பதிந்து வைக்கலாமா, அல்லது அது அவளுக்குப் பாரமாகிவிடுமா?

பதில்: பதிந்து வையுங்கள். அறுவைக்கு முன்பே, குரல் நன்றாக இருக்கும் நாட்களிலேயே தொடங்குங்கள். உங்கள் குரலின் மாதிரிகளைச் சேமித்து, பின்னர் நீங்கள் தட்டச்சு செய்வதை ஏறக்குறைய உங்கள் குரலிலேயே ஒலிக்கச் செய்யும் வசதி இப்போது உண்டு. அறுவைக்கு முன் உங்களைச் சந்திக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அதைக் கேளுங்கள். அதைத் தவிர, சாதாரணமாகப் பேசியும் பதியுங்கள். கனடாவைச் சேர்ந்த ஹார்வி சோச்சினாவ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய ‘கண்ணியச் சிகிச்சை’யில், நோயாளி தன் வாழ்வில் முக்கியமானவற்றைப் பேச, அதைப் பதிந்து எழுத்தாக்கி, அவரே திருத்திய பிறகு குடும்பத்தாரிடம் ஒப்படைக்கிறார்கள். அப்படிச் செய்த பலர், தங்கள் வாழ்வுக்கு இன்னும் பொருள் இருப்பதாக உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாரமாகுமோ என்ற உங்கள் கவலைக்கு என் பதில் இது. “நீ இப்படித்தான் வாழ வேண்டும்” என்ற கட்டளைகளைப் பதிவில் தவிர்த்துவிடுங்கள். வருங்காலத்தில் அவள் எப்படி இருப்பாள் என்று இன்று நம்மால் அறிய முடியாது. அவள் பிறந்த அன்று நடந்தது, அவளுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தீர்கள், அவள் உறங்குவதற்காகச் சொல்லும் கதை ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவும் சில நிமிடங்களுக்குள் இருக்கட்டும். களைப்பான நாளில் பதிய வேண்டாம். பதிவுகளைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் இன்னும் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். கடவுச்சொல்லை நீங்கள் நம்பும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்த வயதில் எதைக் கேட்கச் செய்வது என்பதை உங்கள் கணவரோ குழந்தையை வளர்ப்பவரோ அவளைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.